ஒரு பவுண்டு தானியம்

நாள்கூலி: வரலாற்றுத் தொடர் – 6

சர் ரிச்சர்ட் டெம்பிள் சென்னைக்கு வந்து சேர்ந்த இடத்தில் சென்ற வாரம் நிறுத்தியிருந்தேன். 1877 ஜனவரி. அந்த மாதம் முதல் தேதிதான் டில்லி தர்பாரில் விக்டோரியாவை இந்தியாவின் பேரரசி என்று அறிவித்தார்கள். தர்பார் முடிந்த கையோடு வைஸ்ராய் லிட்டன் டெம்பிளைத் தெற்கே அனுப்பிவைத்தார். பஞ்சத்துக்கு ஆகும் செலவைக் கட்டுக்குள் கொண்டுவர வேண்டும், இதுதான் கட்டளை.

நம் வீட்டுப் பெரியவர்கள் தாது வருஷப் பஞ்சம் என்று சொல்வார்களே, அதுதான் இது. 1876இல் மழை பொய்த்தது. சென்னை மாகாண அரசு ரோடு போடவும் கால்வாய் வெட்டவும் குளம் தூர்வாரவும் ஆட்களைச் சேர்த்தது. மண் சுமந்தால் கூலி. சுமக்கவே முடியாதவர்களுக்குக் கஞ்சித் தொட்டி. நிவாரண வேலை என்று அதற்குப் பெயர்.

டெம்பிளைக் கல்நெஞ்சர் என்று ஒரே சொல்லில் முடித்துவிட எனக்கு மனம் வரவில்லை. அவருக்கு ஒரு முன்கதை இருக்கிறது. 1873–74இல் பீகாரில் பஞ்சம் வந்தபோது இதே டெம்பிள் பர்மாவிலிருந்து கப்பல் கப்பலாக அரிசி தருவித்தார். கணக்குப் பார்க்காமல் கொடுத்தார். பட்டினிச் சாவு மிகக் குறைவாகவே இருந்தது. அதற்காக அவரைப் பாராட்டியிருக்க வேண்டும். நடந்தது வேறு. அரசாங்கப் பணத்தை வாரி இறைத்துவிட்டார் என்று லண்டன் பத்திரிகைகள் வசைபாடின. உயிரைக் காப்பாற்றியதற்காக ஏச்சு வாங்கியவர் அவர். மூன்று வருடம் கழித்து, அந்த ஏச்சைத் துடைத்துக்கொள்ள ஒரு வாய்ப்பு சென்னையில் காத்திருந்தது.

வந்தவர் கூலியில் கைவைத்தார். ஓர் ஆண் நாள் முழுக்க மண் சுமந்தால் ஒரு பவுண்டு தானியம், அதோடு ஓர் அணா. பெண்ணுக்கும் வேலை செய்யும் பிள்ளைக்கும் அதைவிடக் குறைவு. கூடக் கொடுத்தால் ஜனங்கள் அரசையே அண்டிப் பிழைக்கப் பழகிவிடுவார்கள் என்பது காரணமாகச் சொல்லப்பட்டது. நிழலும் ஓய்வும் இல்லாத நீண்ட பகலுக்கு அந்தக் கூலி. ‘டெம்பிள் கூலி’ என்றே சரித்திரத்தில் அதற்குப் பெயர் நிலைத்துவிட்டது.

ஒரு பவுண்டு என்றால் ஏறக்குறைய 450 கிராம். நம் வீட்டு ஆழாக்கில் மூன்று ஆழாக்கை ஒட்டி வரும். மூன்று ஆழாக்கு அரிசி ஒரு ஆளுக்குப் போதாதா என்று தோன்றலாம். காய் இல்லை, பருப்பு இல்லை, மீன் இல்லை, எண்ணெய் இல்லை. வெறும் தானியம். விறகுக்கும் உப்புக்கும் அந்த ஓர் அணாவிலிருந்துதான் எடுக்க வேண்டும். வேலையோ, வெயிலில் மண்வெட்டி பிடித்து நிற்கும் வேலை. அதையும் பல மாதமாகப் பட்டினி கிடந்து வந்த உடம்பு செய்ய வேண்டும்.

அன்றைய சட்டத்தில் இந்தக் கூலியாளுக்கு ஏதாவது பிடிமானம் இருந்ததா? தேடினால் தலைகீழாக ஒன்று அகப்படுகிறது. 1859ஆம் வருடத்து 13ஆம் சட்டம், முன்பணம் வாங்கிவிட்டு வேலைக்கு வராத தொழிலாளியைச் சிறைக்கு அனுப்ப வழிசெய்தது. கூலி குறைந்தால் முதலாளியை என்ன செய்வது என்பதற்கு அதில் ஒரு வரி கிடையாது. வேலை நேரம் பற்றியும் வார விடுமுறை பற்றியும் இந்தக் கூலியாளைக் காக்கும் சட்டம் எதுவும் அன்றைக்கு இல்லை. முதல் தொழிற்சாலைச் சட்டம் வருவதற்கே இன்னும் நான்கு வருடம் இருந்தது.

ஆனால் சென்னையில் ஒரு டாக்டர் இருந்தார்.

*

அவரிடம் போவதற்கு முன் பழவேற்காட்டுக்கு ஒரு நடை போய் வரலாம். பொன்னேரியிலிருந்து பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் ஏரிக்கரை. இந்தத் தொடர் அங்கே தொடங்கியது. நாள்கூலியின் கதையை எழுதும்போது, நாள்கூலி என்பதே இல்லாத வேலை எப்படி இருக்கும் என்று பார்க்க அடிக்கடி அங்கே போக வேண்டியிருக்கிறது.

படகுத்துறையில் வலையைப் பிரித்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவரிடம், “உங்க வேலைக்கு லீவு உண்டாங்கய்யா?” என்று கேட்டேன். அவர் தலையை நிமிர்த்தவில்லை. “ஏது தம்பி லீவு? காத்து சொல்லணும், தண்ணி சொல்லணும். அப்புறம் பாடு சொல்லணும்.”

பாடு. இந்தச் சொல்லை நாம் கஷ்டத்துக்கும் உழைப்புக்கும் சொல்கிறோம். பாடுபட்டான் என்கிறோம், பெரும்பாடு என்கிறோம். பழவேற்காட்டில் அது மீன்பிடிக்கும் இடத்துக்கும் அங்கே வலை போடும் முறைக்கும் பெயர். முகத்துவாரத்தை ஒட்டி நீரோட்டம் நல்லபடி ஓடும் இடங்கள் கொஞ்சம்தான். இறால் அங்கேதான் விழும். எல்லாரும் ஒரே நாளில் போய் வலை கட்டினால் யாருக்கும் மிஞ்சாது, சண்டைதான் மிஞ்சும். அதனால் எந்த இடத்தில், எந்த நாளில், யார் வலை கட்டுவது என்பதைச் சீட்டுப் போட்டு முறை வைத்துக்கொண்டார்கள். கோட்டைக்குப்பம், நடூர் மாதாகுப்பம், ஆண்டிக்குப்பம் ஆகிய ஊர்களின் பட்டினவர் தலைக்கட்டுகளுக்கு இந்த உரிமை வழிவழியாக வருகிறது. இன்று நல்ல இடம் கிடைத்தவருக்கு நாளை வேறு இடம். முறை இல்லாத நாளில் வலையைச் சரிபார்க்கலாம், வேறு பக்கம் போகலாம், வீட்டில் இருக்கலாம். ஏட்டில் ஏறாத வேலைநேரச் சட்டம் என்று இதைச் சொன்னால் மிகையில்லை.

இதை ஒரு பொற்காலம் போலக் காட்ட நான் விரும்பவில்லை. பாடு முறையில் இடம் பிறப்பால் வருகிறது. ஏரிச் சேற்றில் கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர் பெண்களுக்கு அந்தச் சீட்டில் பெயர் இல்லை. சீட்டுக்கு வெளியே நின்றவர்கள் அதைக் கேள்வி கேட்டுக்கொண்டே வந்திருக்கிறார்கள். அந்தக் கேள்விக்குத் தனியாக ஒரு வாரம் ஒதுக்கியிருக்கிறேன்.

இங்கே சொல்ல வந்தது ஒன்றுதான். இந்த ஏரிக்கரையில் ஒருவன் உழைக்கும் நாளை அவனுடைய ஊர் கூடி முடிவுசெய்தது. 1877இல் மண் சுமந்தவர்களின் நாளையும் சோற்றையும் வெளியிலிருந்து வந்த ஒருவர் முடிவுசெய்தார்.

*

டாக்டர் வில்லியம் ராபர்ட் கார்னிஷ். சென்னை மாகாணத்தின் சுகாதார ஆணையர். ஜனங்களின் சாப்பாட்டைப் பற்றி அவருக்குத் தெரிந்த அளவுக்கு அன்றைய வெள்ளைக்கார அதிகாரிகளில் வேறு எவருக்கும் தெரிந்திருக்காது என்றே நினைக்கிறேன். மாகாணத்து மக்கள் என்ன சாப்பிடுகிறார்கள், சிறைக் கைதிகளுக்கு என்ன தருகிறார்கள் என்பதை 1863லேயே தொகுத்து அறிக்கையாக்கியவர். 1871ஆம் வருட மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் சென்னை அறிக்கையும் அவர் எழுதியது. தலைகளை எண்ணிய மனிதர், ஆறு வருடம் கழித்து அந்தத் தலைகளுக்கு எவ்வளவு சோறு வேண்டும் என்று கணக்குப் போட உட்கார்ந்தார்.

அவர் நீதி, தருமம் என்று வாதாடவில்லை. உடம்பைக் காட்டி வாதாடினார். உழைக்கும் உடம்புக்குக் குறைந்தது ஒன்றரை பவுண்டு தானியம் வேண்டும், அதோடு காய்கறியும் பருப்பும் வேண்டும், வெறும் அரிசியில் தசை நிற்காது என்றார். சிறையில் கடின வேலை செய்யும் கைதிக்கு அரசே வகுத்திருந்த சாப்பாட்டை எடுத்துக்காட்டினார். எந்தக் குற்றமும் செய்யாமல் மண் சுமக்க வந்தவனுக்கு அதைவிடக் குறைவாகத் தருகிறீர்களே என்பதுதான் அந்த ஒப்பீட்டின் பொருள்.

டெம்பிள் விடவில்லை. ஒரு பவுண்டு போதும், கொடுத்துப் பார்ப்போம், போதாவிட்டால் தெரிந்துவிடும் என்ற நிலையில் நின்றார். கொடுத்துப் பார்ப்பது என்றால் யாரை வைத்துப் பார்ப்பது? ரோட்டு வேலையிலும் கால்வாய் வேலையிலும் இருந்த உயிருள்ள மனிதர்களை வைத்து.

சோதனை தொடங்கியது. முகாம்களிலிருந்து வந்த செய்திகள் நல்லபடியாக இல்லை. உடம்பு வற்றியது, கால் வீங்கியது, வயிற்றுப்போக்கு வந்தது. கார்னிஷ் விடாமல் எழுதிக்கொண்டிருந்தார்.

பம்பாய் மாகாணத்தில் இதற்குள் வேறொன்று நடந்திருந்தது. புதிய கூலிக்கும், தொலைவான முகாம்களுக்குப் போகச் சொன்னதற்கும் எதிராக நிவாரண வேலையாட்கள் கூட்டம் கூட்டமாக வேலையை விட்டு வெளியேறினார்கள். பூனா சார்வஜனிக் சபை அவர்களுக்காக மனு எழுதியது. பசியில் இருப்பவன் கிடைத்த வேலையையும் உதறிவிட்டுப் போவான் என்று எந்த அதிகாரியும் எதிர்பார்க்கவில்லை. இந்தியத் தொழிலாளர் வரலாற்றில் இந்த வேலைநிறுத்தத்துக்கு உரிய இடத்தை நாம் இன்னும் கொடுக்கவில்லை. ஆலைவாசலில் நடந்தால்தான் வேலைநிறுத்தம் என்று பழகிவிட்டோம்.

சென்னையில் முடிவெடுக்க வேண்டியவர் கவர்னர். பக்கிங்காம் கோமகன். வைஸ்ராயின் ஆள் ஒரு பக்கம், தன் டாக்டர் மறுபக்கம். மார்ச் மாதம் வந்தது.

மார்ச்சில் சென்னை அரசு கார்னிஷ் பக்கம் சாய்ந்தது. பாதி தூரம் மட்டும். ஒன்றேகால் பவுண்டு தானியம், ஒன்றரை அவுன்ஸ் பருப்பு. டாக்டர் கேட்ட ஒன்றரைக்கும் டெம்பிள் கொடுத்த ஒன்றுக்கும் நட்டநடுவே கோடு போட்டுவிட்டார்கள். அந்தக் கால் பவுண்டுக்கும் ஒரு கைப்பிடிப் பருப்புக்கும் பின்னால் எத்தனை பேருடைய எலும்பு இருக்கிறது என்பதை நினைத்தால் எனக்குக் கை நடுங்குகிறது. டெம்பிள் வசந்தம் முடிவதற்குள் பம்பாய் கவர்னர் பதவிக்குப் போய்விட்டார். பஞ்சம் போகவில்லை. 1878 வரை நீடித்த அது, பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதிகளில் மட்டும் ஏறக்குறைய 55 லட்சம் பேரைக் கொண்டுபோனது என்பது பொதுவாகச் சொல்லப்படும் மதிப்பீடு.

*

அந்த மண் எங்கே போனது என்று கேட்பீர்கள். ஒரு பகுதியை நீங்கள் தினமும் தாண்டிப் போகிறீர்கள்.

சென்னையிலிருந்து எண்ணூர் வரை 1806லேயே ஒரு கால்வாய் இருந்தது. கோக்ரேன் என்ற வணிகர் வெட்டியது. பிறகு அரசு எடுத்துக்கொண்டு அதைப் பழவேற்காடு ஏரிக்கும் அதற்கு வடக்கேயும் நீட்டியது. ஸ்ரீஹரிகோட்டாவின் விறகும், உப்பும், சுண்ணாம்புக்கு வேண்டிய கிளிஞ்சலும் படகேறி ஏரி வழியாகத் தெற்கே வந்தன. பட்டணத்தில் அந்தப் படகுகள் வந்து நின்ற நீர்த்தேக்கம் இருந்த இடம்தான் இன்றைக்கும் பேசின் பிரிட்ஜ். ஆக, நம் பொன்னேரிப் பக்கத்துக் கால்வாய் பஞ்சத்துக்கு முந்தையது. பஞ்ச நாளில் வெட்டியது தெற்கே, கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் எட்டு கிலோமீட்டர் தூரம். அதுவரை துண்டாகக் கிடந்த வடக்கும் தெற்கும் அப்போதுதான் ஒரே நீர்வழியாயின. எண்ணூரிலிருந்து ஒரு படகு மகாபலிபுரம் பக்கம் போகலாம் என்று ஆனது.

1878இல் அந்த முழு நீர்வழிக்கும் கவர்னர் பெயரை வைத்தார்கள். பக்கிங்காம் கால்வாய். மண் சுமந்தவர்களில் ஒருவர் பெயர்கூட எங்கும் பதிவாகவில்லை.

மயிலாப்பூரில் பறக்கும் ரயிலில் ஏறும்போது கீழே ஓடும் கறுப்புத் தண்ணீரை இனி நீங்கள் பார்த்தால், அந்தக் கரையை உயர்த்தியது நாளுக்கு ஒரு பவுண்டா, ஒன்றேகால் பவுண்டா என்று ஒரு நொடி நினைத்துப் பாருங்கள்.

*

காலத்தைத் தாண்டி ஓர் எட்டு வைக்கிறேன். இதைச் சொல்லாமல் இந்த வாரத்தை முடிக்க முடியாது.

டெம்பிள் வந்தது ஜனவரியில். சரியாக 106 வருடம் கழித்து, 1983 ஜனவரி 20, டில்லியில் உச்ச நீதிமன்றம். வழக்கு ராஜஸ்தானிலிருந்து வந்தது. அஜ்மீர் மாவட்டத்தில் மதன்கஞ்ச்–ஹர்மாரா ரோட்டில் பஞ்ச நிவாரண வேலை. மண் சுமந்தவர்களில் பெண்கள் ஏராளம். அன்றைய குறைந்தபட்சக் கூலி நாளுக்கு ஏழு ரூபாய். கையில் கிடைத்ததோ அதற்கும் குறைவு. குழுவாக இவ்வளவு வேலை முடித்தால்தான் இவ்வளவு கூலி என்று அளந்து கொடுத்தார்கள். கேட்டால், பஞ்ச நிவாரணத்துக்குத் தொழிலாளர் சட்டங்கள் பொருந்தாது என்று ராஜஸ்தான் 1964இல் இயற்றிய சட்டத்தை நீட்டினார்கள். நாங்கள் செய்வது உதவி, வேலைக்கு அமர்த்தல் அல்ல என்பது அரசின் வாதம். டெம்பிளின் வாதத்துக்கு இது தூரத்து உறவு என்று நான் சொல்லத் தேவையில்லை.

திலோனியாவைச் சேர்ந்த சஞ்சித் ராய் தொடுத்த வழக்கு அது. நீதிபதி பகவதி எழுதிய தீர்ப்பு அந்த வாதத்தை உடைத்தது. ஒருவனுடைய உழைப்பை வாங்கிக்கொண்டு குறைந்தபட்சக் கூலியைவிடக் குறைவாகக் கொடுப்பது, அரசமைப்பின் 23ஆவது பிரிவு தடைசெய்யும் கட்டாய உழைப்பு. பசியால் விரட்டப்பட்டு வந்து வேலை கேட்பவனின் சம்மதம் சம்மதம் ஆகாது. நிவாரணம் என்று பெயர் வைத்தாலும் வேலை வேலைதான். அமர்வில் இருந்த இன்னொரு நீதிபதி பாதக் சமத்துவத்துக்கான 14ஆவது பிரிவின் வழியாக அதே முடிவுக்கு வந்தார்.

அதே 1983இல் தமிழ்நாட்டில் கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டமும் வந்தது. கட்டுமரக்காரர்களும் விசைப்படகுக்காரர்களும் மோதி ரத்தம் சிந்திய பிறகு வந்த சட்டம். கரையிலிருந்து மூன்று கடல் மைலுக்குள் விசைப்படகு வரக்கூடாது; விடியற்காலை ஐந்து மணிக்கு முன் கிளம்பக்கூடாது, இரவு ஒன்பதுக்குள் திரும்பிவிட வேண்டும். ஆலைக்குச் சங்கு ஊதியது போல, கடலுக்கும் ஒரு கடிகாரம் வந்தது. இன்று ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலமும் உண்டு, அதற்கு அரசு தரும் நிவாரணத் தொகையும் உண்டு. மீனுக்காக விட்ட விடுமுறை அது. மீனவனுக்கு என்று விட்டது எது என்று பழவேற்காட்டுப் பெரியவர் கேட்டால் எனக்குப் பதில் சொல்லத் தெரியாது.

இன்னும் ஒரு எட்டு. 2005ஆம் வருட ஊரக வேலை உறுதிச் சட்டம், நம் ஊர்களில் நூறு நாள் வேலை என்று சொல்வது. அதன் இரண்டாம் அட்டவணையில் வேலையிடத்தில் இருக்க வேண்டியவை எழுதப்பட்டன: குடிநீர், முதலுதவிப் பெட்டி, குழந்தைகளுக்கு நிழல், ஓய்வு வேளை. நிழல் என்ற அந்தச் சொல்லை முதன்முறை படித்தபோது புத்தகத்தை மூடிவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன். 1877இல் இல்லாதது 2005இல் சட்டத்தில் ஏறியிருக்கிறது. ஆனால் அதே சட்டத்தின் ஆறாவது பிரிவையும் படிக்க வேண்டும். குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தில் என்ன சொல்லியிருந்தாலும், இந்த வேலைக்கான கூலியை மத்திய அரசு தனியாக நிர்ணயிக்கலாம் என்றது அது. 1983இல் சாத்திய கதவை இருபத்திரண்டு வருடத்தில் மறுபடி திறந்துவைத்தார்கள். இது தெரிந்து செய்த தவறு என்பது என் எண்ணம்.

*

மறுபடி 1870களுக்கே வருவோம். கோமகனின் பெயர் கால்வாயோடு நின்றுவிடவில்லை.

பஞ்சம் தொடங்கிய அதே 1876இல், பெரம்பூரில் ஒரு பஞ்சாலைக் கம்பெனி உருவானது. அதற்கும் பக்கிங்காம் என்றே பெயர். 1881இல் பக்கத்திலேயே இன்னொன்று, கர்நாட்டிக். ஊரெல்லாம் இரண்டையும் சேர்த்து பின்னி மில் என்றது. அந்த 1881இல்தான் முதல் தொழிற்சாலைச் சட்டமும் வந்தது. ஏழு வயதுக்கு உட்பட்ட குழந்தையை வேலைக்கு வைக்கக்கூடாது, பன்னிரண்டு வயது வரை ஒன்பது மணி நேரத்துக்கு மேல் வாங்கக்கூடாது என்றது. வளர்ந்த ஆணின் நேரத்தைப் பற்றி அது வாயைத் திறக்கவில்லை. ஆண்களின் பகலுக்குப் பன்னிரண்டு மணி என்று ஓர் எல்லை வர 1911 ஆனது.

பன்னிரண்டு மணி நேரத்தில் சோற்றுக்கு விட்டது அரை மணி. அதற்குள் தறியை விட்டு வெளியே வர வேண்டும், கை கழுவ வேண்டும், சாப்பிட வேண்டும், வாசல் மூடுவதற்குள் திரும்பிவிட வேண்டும்.

ஆலைக்கு அருகே இரண்டு வியாபாரிகள் கடை வைத்திருந்தார்கள். செல்வபதி செட்டியார், இராமானுஜலு நாயுடு. ஆலைத் தொழிலாளர்கள் அங்கே சாமான் வாங்க வந்தார்கள், வந்தவர்கள் தங்கள் குறையையும் சொன்னார்கள். இருவரும் சேர்ந்து ஒரு பக்தி சபை நடத்திவந்தார்கள். அந்தச் சபையின் பெயரால் ஒரு கூட்டம் ஏற்பாடானது.

1918 மார்ச் 2, சனிக்கிழமை. ஜங்கராமாயம்மாள் தோட்டம். ஆயிரக்கணக்கில் கூட்டம். ‘தேசபக்தன்’ ஆசிரியர் திரு.வி.கலியாணசுந்தரனார் பேச எழுந்தார். அடுத்த எட்டு வாரத்துக்குள் இந்தியாவின் முதல் ஒழுங்கான தொழிற்சங்கம் இங்கே பிறக்கப்போகிறது. அதன் முதல் சண்டை பத்தே பத்து நிமிடத்துக்காக. அந்தப் பத்து நிமிடத்துக்குப் பின்னால் துப்பாக்கியும் வரும், உயர் நீதிமன்றமும் வரும், நஷ்டஈட்டு வழக்கும் வரும்.

திரு.வி.க. பேசி முடித்ததும் ஆலை நிர்வாகம் செய்த முதல் காரியம் என்ன?

(தொடரும்)